பச்சை, எட்டுக் கிலோ

பையில் சீட்டு ஒட்டத் தேவையில்லை.
முடிச்சை அவிழ்க்கும் முன்பே தெரியும்
இது ஒண்டினா பரேய்ரோவின் செவ்வாய்க்கிழமை என்று.
பாசிப்பச்சையில் பாவாடை,
கிளிப்பச்சையில் காலுறைகள்,
யூகலிப்டஸ் இலையின் மறுபக்கம்போல ஒரு கோட்டு.
ஆலிவ் சாடியின் அடியில் தங்கிவிடும் பச்சைக்கு
எனக்குப் பெயர் தெரியாது,
அதில் நாலு சட்டை.
துவாலையும் பச்சை.
ஒருமுறை பாக்கெட்டிலிருந்து பஸ் டிக்கெட் விழுந்தது, வெள்ளை.
தப்பாக வந்துவிட்ட விருந்தாளிபோல
மேசைமேல் தனியே கிடந்தது.

மொண்டேவீடியோவில் ஜூலை என்றால்
ஆற்றுக்காற்று கதவு தட்டாமல் உள்ளே வரும்.
இயந்திரம் சுற்றி முடியும்வரை
மாத்தே குடுவையை அவள் பக்கம் நீட்டிக் கேட்டேன்:
ஏன் இப்படி?

பல் கட்டும் கூடத்தில் வேலை, என்றாள்.
எட்டிலிருந்து ஐந்துவரை வெள்ளை.
பால் வெள்ளை, எலும்பு வெள்ளை,
காபி குடித்த வெள்ளை,
ஐம்பது வருஷம் புகைத்தவரின் வெள்ளை.
ஜன்னலோரம் தலையைச் சாய்த்து
பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிறதா பார்க்கவேண்டும்.
வீட்டுக்குப் போயும் அதையே உடுத்தச் சொல்கிறாயா?

பச்சைப் பொய்.
பணம் எடுக்கப் பர்ஸைத் திறந்தபோது பார்த்தேன்,
பள்ளிக்கூடத்து அட்டையில் பதினாறு வயது முகம்,
கழுத்தில் பச்சை மப்ளர்.

எனக்கு அப்படி ஒரு நிறம் வாய்க்கவில்லை.
ஆறு மாதம் யாரும் கேட்டு வராத துணி
கடைக்காரனுக்கு;
சுவரில் எழுதியே வைத்திருக்கிறேன்.
கப்பல் சமையல்காரன் விட்டுப்போன கால்சட்டை,
யாரோ ஒரு வக்கீலின் ஸ்வெட்டர்,
முழங்கையில் இன்னொருவர் போட்ட தையல்.
கண்ணாடியில் நின்றால்
நாலு பேர் வாடகை பிரித்துக்கொள்ளும் வீடு.

அடுத்த மார்ச்சில்
அவள் பையில் ஓர் ஆண் சட்டை. வெள்ளை.
தனியே எடுத்துவைத்தேன், தொழில் அப்படி.
சேர்த்தே போடு, வால்டெமார், என்றாள்.
காதுவரை சிவந்துவிட்டது,
அந்தச் சிவப்பு அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

போட்டேன்.
ஏப்ரலில் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது.
தராசு ஒன்பதரை காட்டியது, அவ்வளவுதான்.
ஜூன் வாக்கில், விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால்,
வெள்ளரிக்காயின் உள்பக்கம்.
எவரிஸ்டோ அதைப் போட்டுக்கொண்டுதான்
துறைமுக அலுவலகத்தில் ரசீது கிழித்தான்.
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்டில் அவன் தனியாக வந்தான்,
சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு.
இதை மறுபடி வெள்ளையாக்க முடியுமா?
முடியும். ஒரு ராத்திரி ஊறவேண்டும். புதன்கிழமை வா.
புதன் வரவில்லை.
அடுத்த புதனும்.
நான் ஊறப்போடவும் இல்லை,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தராசு
எட்டுக்குத் திரும்பியிருந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை. முள் பார்த்தேன்,
அவளும் பார்த்தாள்,
குளிரைப் பற்றிப் பேசினோம்.

பிப்ரவரி. ஆறு மாதம் கழிந்த மறுநாள்.
வெயிலுக்கு அந்தச் சட்டைதான் மெல்லிசு,
கை இரண்டையும் மடித்துவிட்டு நின்றிருந்தேன்.
அவள் பையை வைத்தாள். நிமிர்ந்தாள்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
பிறகு என் காலரைப் பிடித்து
ஜன்னல் பக்கம் இழுத்துப்போய்
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்,
பக்கத்துப் பல் எங்கோ இருப்பதுபோல.

இன்னும் ரெண்டு தோய்ப்பு பாக்கி, என்றாள்.
கழற்று. சேர்த்தே போடு.

கடை நிறைய ஆட்கள்.
வெறும் மேலோடு நின்று
சோப்புப் பொடி அளந்தேன்,
கரண்டி ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது.