ஏழு கல்

காரைக்குடி லேப் சீட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர்.
"கல்யாணச் சமையல்."
பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

கோட்டை அடுப்பைச் சுற்றி நாற்பது கை இருந்தாலும்
பதம் சொல்வது என் நாக்குதான்.
கவுனி அரிசியில் ஒரு கரண்டி,
பால் பணியாரத்தில் இரண்டு,
கும்மாயம் திரண்டு வரும்போது
விரலில் ஒட்டியது கணக்கிலேயே இல்லை.

பள்ளத்தூர் ஊருணியைச் சுற்றினால்
நானூற்றுப் பதினாறு தப்படி.
சட்டைப் பையில் ஏழு கல்,
சுற்றுக்கு ஒன்று தண்ணீரில் விழ வேண்டும்.
முதல் நாள் மூன்றாவது கல்லோடு
படித்துறையில் உட்கார்ந்துவிட்டேன்.
ஒன்பதாம் நாள்
மிச்சத்தை மொத்தமாக எறிந்தேன்.
தவளை ஒன்று மட்டும் பார்த்தது.

வீட்டில் பஞ்சவர்ணம் கேட்டாள்:
"ஏழுமா?"
"ம்."
கேழ்வரகுத் தோசையை வைத்துவிட்டுப் போனாள்.
மறு கேள்வி கேட்காமல் அவள் போனதுதான்
தொண்டையில் நின்றது.
சாயங்காலம் மறுபடி போனேன்,
நாலு கல்லோடு.

தை மாதம் கொத்தமங்கலத்தில் கல்யாணம்.
வேட்டி இடுப்பில் ஒரு சாண் கூடுதலாகச் சுற்றியது.
இப்போது நான் எதையுமே ருசி பார்ப்பதில்லை;
ஒன்றைத் தொட்டால் ஒன்பதைக் கேட்கும் நாக்கு.
வெண்டைக்காய் மண்டி கொதித்து இறங்க
கரண்டியை அடைக்கலத்திடம் நீட்டினேன்.
அவன் ஊதி, நக்கி, யோசிப்பதற்குள்
ஆவி என் மூக்கில் ஏறிச் சொல்லிவிட்டது.

"ஒரு கல்லு உப்பு கூட்டலாம்ண்ணே."

பைக்குள் போன கையில் தட்டுப்பட்டன
விடியலில் நேரமில்லாமல்
சுற்றாமல் விட்ட
ஏழும்.