தகர மூடி

சிலோயே தீவில் மழை நின்ற காலை என்று
வருஷத்துக்கு நாலைந்துதான் தேறும்.
அப்படி ஒன்றில்தான் முதல் குத்து விழுந்தது.
வலது கெண்டைக்கால்,
ரப்பர் பூட்ஸுக்கு ஒரு விரல் மேலே.

சால்மன் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து
செதில் ஒட்டிய கையோடு
கோதுமை வாளியைத் தூக்கி வந்திருந்தேன்.
ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி
பக்கவாட்டில் நாலடி நடந்தான்.
கும்பிடு போடுகிறானாக்கும் என்று சிரித்தேன்.

வளர்த்த கடா மார்பில் பாயுமாம்.
வளர்த்த சேவலுக்கு எட்டியது முழங்கால்.

சும்மா வளர்க்கவில்லை.
நீல முட்டை, தாய்க்கோழி மிதித்து விரிசல் விட்டது.
மெழுகு சொட்டி அடைத்தேன்.
விறகடுப்போரம் அட்டைப்பெட்டியில்
என் கம்பளிக் காலுறைக்குள் பொரிந்தான்.
என் கழுத்துக்கும் மஃப்ளருக்கும் நடுவே தூங்கினான்.
என்னைக் கண்டு பயப்பட
அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை,
நானும்தான்.

ஆளுக்கொரு வைத்தியம்.
ஓடாதே, நின்று முறை என்றார்கள்.
முறைத்தேன். தொடையில் குத்தினான்.
கக்கத்தில் இடுக்கி முற்றத்தைச் சுற்று,
மற்ற கோழிகள் பார்க்கட்டும் என்றார்கள்.
சுற்றினேன்.
கண்ணை மூடிக் கைக்குழந்தையாய்க் கிடந்தான்.
இறக்கிவிட்ட நொடியில் பின்னங்காலைக் கிழித்தான்.
கோழிகள் பார்த்தன.

எதிர்வீட்டு நோல்பெர்த்தோ ஒரே சொல் சொன்னான்:
கசுவேலா.
உருளைக்கிழங்கும் பூசணியும் தன் செலவு என்றான்.

மாட்டேன் என்று
பெயின்ட் டிரம்மின் தகர மூடியைக் கேடயமாக்கினேன்.
டங். டங்.
அந்தச் சத்தம் கேட்டுத்தான்
பள்ளிப் படகுக்குப் பிள்ளைகள் கிளம்புவதாக
தெருவில் கேலி.
நானும் சேர்ந்து சிரித்தேன்,
கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த எலியாசாரின் முகத்துக்குப் பாய்ந்து
புருவத்தைக் கிழிக்கும்வரை.
இமைக்கு அரை விரல் தள்ளி.
பையனுக்குப் பதினெட்டு வயது.
தையல் போட்ட கண்ணோடு
என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்டான்,
சேவலை உதைத்துவிட்டதற்கு.

ஞாயிறு கத்தி தீட்டினேன்.
அடுப்பில் தண்ணீர் கொதித்தது.
கக்கத்துக்கு வந்ததும் பழையபடி கண்ணை மூடினான்.
மஃப்ளரைத் தேடி
கழுத்தோரம் அலகை நுழைத்தான்.

சூப்பில் உப்பு சரியாகவே இருந்தது.
நோல்பெர்த்தோ இரண்டாவது தட்டு வாங்கினான்.
முள் இருந்த கால்களை
முருங்கி எரியட்டும் என்று அடுப்பில் போட்டேன்,
வெகுநேரம் எரியவில்லை.

மூன்று வாரமாகிறது.
அவன் ஏறி ஏறி வழுக்கையாக்கிய முதுகுகளில்
இறகுக் குருத்து எட்டிப் பார்க்கிறது.
பகலெல்லாம் மழை, முட்டைகள் நீலம்,
ஒரு குறையும் இல்லை.

வாளியை எடுக்கும்போது
இடது கை தானாக மூடியையும் எடுத்துக்கொள்கிறது.
கதவு திறந்ததும் கோழிகள்
வேலியோரம் கும்பலாக ஒதுங்குகின்றன.
தீனியைக் கொட்டி
நான் பின்பக்கமாகவே நடந்து
வாசற்படியில் ஏறும்வரை
ஒன்றும் கிட்டே வருவதில்லை.