செரண்டா கணக்கு

மின்சார பில்லின் முதுகில்
தயாளன் நடுவே ஒரு கோடு கிழித்தான்.
இந்தப் பக்கம் செந்தூல்,
வரும் மாதத்திலிருந்து
ஆயிரத்து முந்நூற்றைம்பது வெள்ளி.
அந்தப் பக்கம் செரண்டா, அறுநூறு.
மூன்று அறை,
பின்னால் துணி காயப்போட இடம்.

"செரண்டா என்றால் மலாயில்
'அவ்வளவு தாழ்வாக',
வாடகைக்கென்றே வைத்த பெயர்"
என்று சிரித்தாள் நோராய்னி,
ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டே.

அவனுக்கு சுங்கை பூலோ கிடங்கில் இரவு வேலை.
எந்த வீடானாலும்
மோட்டார் சைக்கிளில் அரைமணிதான்.
எனக்கு ஏழு மணிக்கே முகப்பில் ஆள் நிற்கும்,
வெறும் வயிற்றோடு,
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.
நான் பிந்தினால்
அவர்கள் பசி நீளும்.

"நமக்கு எழுநூற்றைம்பது மிச்சம்" என்றான்.
நமக்கு.
தமிழில் அந்தச் சொல் பெரிய வீடு,
எல்லாரையும் உள்ளே விட்டுக்
கதவைச் சாத்திவிடும்.
குறைவது நமக்கு.
கூடுவது எனக்கு.

பேனாவை வாங்கினேன்.
ரயிலுக்கு இருநூற்று முப்பது போனால்
நிற்பது ஐந்நூற்று இருபது.
நாளுக்கு இரண்டரை மணி கூடுதல்,
இருபத்தாறு நாள், அறுபத்தைந்து மணி.
வகுத்தால் மீதியில்லாமல் எட்டு.
ஆக, ரயில் என்னை வேலைக்கு வைத்துக்கொள்கிறது,
மணிக்கு எட்டு வெள்ளி.
வேலை, உட்கார்ந்திருப்பது.
இடம் கிடைக்காத நாளில் நின்றிருப்பது.
இபிஎஃப் கிடையாது.

ஞாயிறன்று வீடு பார்க்கப் போனோம்.
ஏஜெண்ட் லிம்
ஏழு சாவி போட்டுப் பார்த்து எட்டாவதில் திறந்தார்.
காலிக் கூடத்தில் நிதர்சன்
"ஓய்!" என்று கத்தினான்.
சுவரும் "ஓய்" என்றது.
பயந்து என்னைப் பார்த்தான்,
பிறகு நிறுத்தவேயில்லை.
செந்தூலில் அவன் கத்தினால்
கீழ்மாடிச் சீனக் கிழவர்
துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டுவார்.
அங்கே எங்களுக்குக் கிடைக்கும் பதில் அதுதான்.

பின் அறை ஜன்னலுக்கு வெளியே
செம்பனை,
சக்கரமில்லாத ஒரு பழைய வேன்,
அதன் கூரையில் ஒரு கோழி.
தேவைக்கு மேல் கொஞ்சநேரம் அங்கே நின்றுவிட்டேன்.
தயாளன் கவனித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
எப்போது ஒன்றும் சொல்லக்கூடாதென்று
அவனுக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பும்போது குவாங்கில் ரயில் நின்றது.
கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.
ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது
மலாயிலும் ஆங்கிலத்திலும்.
காரணத்தை எதிலும் சொல்லவில்லை.
எதிர் இருக்கையில் காவலர் சீருடை அணிந்த பெண்
கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
பழகியவள் போலிருக்கிறது.

நாற்பது நிமிடம்.
மாதத்தில் நான்குமுறை இப்படி நின்றால்
என் எட்டு வெள்ளி
ஏழு வெள்ளி அறுபத்தெட்டுக் காசாகும்.
மடியில் நிதர்சன் வாய் திறந்து தூங்குகிறான்.
வீட்டில் எட்டரைக்குப் படுப்பவன்.
நான் எட்டுக்கு வந்து சேர்வேன்.
மிஞ்சும் அந்த அரைமணியைக்
கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது?

இரவு, தயாளன் வேலைக்குப் போனபின்
லிம்முக்குச் செய்தி அனுப்பினேன்,
பின் அறை ஜன்னல் கிழக்கா?
விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவள்
ஞாயிற்றை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்ப்பாள்.
இருந்தாலும் கேட்டேன்.

திசை தெரியாது என்று பதில் வந்தது.
இன்னொருவரும் கேட்டிருக்கிறாராம்,
முன்பணம் எப்போது?

பில்லைத் திருப்பினேன்.
எண்பத்தேழு வெள்ளி.
கட்டவேண்டிய தேதி
போன செவ்வாய்.