எந்தப் பெட்டி

மதுரைக் கடைக்காரர் போனில் ஒன்றுதான் கேட்டார்:
“கியர்பாக்ஸ் எது?”
ஆர்சி புக்கில் வண்டியின் நிறம்கூட இருக்கிறது.
அது இல்லை.

குமிழில் இருந்த கோடுகள் எந்தெந்தக் கையோடோ போய்விட்டன.
ரிவர்ஸ் இடப்பக்கம் மேலே என்றேன்.
“ரெண்டு மாடல்லயும் அங்கதான்.”

புதுவயல் அரிசி ஆலைச் சுவரோரம்
ஜபருல்லா வண்டிக்கடியில் நுழைந்தான்,
செருப்பு மட்டும் வெளியே.
நேற்று ஏற்றிய ஆத்தங்குடிக் கல்லின் மணல்
பலகைச் சந்து வழியே அவன் கண்ணில் உதிர்ந்தது.
திட்டிக்கொண்டே சுரண்டினான்:
தவிடு, கிரீஸ், மறுபடி தவிடு,
அதற்கும் கீழே யாரோ அடித்த வெள்ளிப் பெயின்ட்.

நாலு எண் தெரிந்தது. ஐந்தாவதில் உளி விழுந்திருந்தது.
படம் அனுப்பினோம்.
“இப்படி ஒரு நம்பரே கிடையாது.”

டார்ச்சைப் பின்னுக்குத் திருப்பியவன் சிரித்தான்.
“முன்கூடு ஒரு வண்டி, வால் இன்னொரு வண்டி.
சம்பந்தம் பேசி முடிச்சிருக்காங்க, சிகப்பி ஆச்சி.
நமக்குத்தான் சொல்லல.”

இனி இறக்கித்தான் பார்க்க வேண்டும்.
கிளட்ச் பிளேட்டுக்குப் பெட்டியின் பெயர் வேண்டாமாம்,
தண்டில் எத்தனை பல் என்றால் போதும்.

விளக்கு வைத்த பிறகு தண்டு வெளியே வந்தது.
பிசுக்கு விரலால் தடவித் தடவி எண்ணினான்.
பதினேழு, பதினெட்டு...
மதுரையிலிருந்து போன்:
“கடையச் சாத்தப் போறேன். எதுன்னு சொல்லுங்க.”

நான் வாய் திறப்பதற்குள்
கீழேயிருந்து குரல்,
“ஒண்ணு.”