பத்து நாள் ஒச்சப்பன்

நாளை மாலை நாலரை மணிக்கு ஆட்டம்.
எங்கள் மைதானத்தில்தான்.
சிமெண்டுத் தரையின் வடக்கு மூலை வெடிப்பு
எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.
அதில் பட்ட பந்து
கைக்கு வராமல் முழங்காலுக்கு வரும்.
அதையும் எங்கள் பலமாக
பி.டி. சார் கணக்கில் வைத்திருக்கிறார்.

உசிலம்பட்டி அணி
மதியப் பேருந்தில் வந்து இறங்கும்.
செக்கானூரணியில் ஏறுகிற கூட்டத்துக்கு நடுவே
நின்றுகொண்டே வரட்டும்,
கால் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் என்கிறான் துளசிராம்.
பந்தை நடத்துகிறவன் அவன்தான்.
ஐந்தடி ஐந்தங்குலம்.
அடுத்தவர் அக்குள் இடுக்கு வழியாகவே
ரிங்கைப் பார்த்துப் பழகியவன்.

நைனார் முகமதுக்குக் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது.
வடிந்துவிட்டதாக அவன் சொல்கிறான்.
விடுதிப் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறான்.
நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

மச்சக்காளை ஃப்ரீ த்ரோவுக்கு நின்றால்
இரண்டில் ஒன்று.
எந்த ஒன்று என்பது அவனுக்கே தெரியாது.

நான் பன்னிரண்டாவது ஆள்.
பனியன் எண் பதினைந்து.
கடைசியாக இறங்கியது போன வருஷம் திண்டுக்கல்லில்,
முப்பது பாயிண்ட் முன்னால் இருந்தபோது,
நாற்பது நொடி.
பந்தைத் தொட்டேன்,
கோட்டுக்கு வெளியே உருண்டதை எடுத்து
நடுவரிடம் கொடுத்தபோது.

ஆனால் பத்து நாளாக
நான்தான் ஒச்சப்பன்.

உசிலம்பட்டியின் ஏழாம் எண்.
யாரோ செல்போனில் பிடித்த ஆட்டத்தை
நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
உனக்கும் அவன் உயரம்தானே,
நீ அவனாக ஆடு, இவனுக பழகட்டும் என்றார் சார்.

ஆடினேன்.
உள்ளங்கையை ஷூவின் அடியில் ஒருமுறை துடைப்பான்.
இடப்பக்கம் இரண்டு தட்டு.
மூன்றாவது வரும் என்று நாம் நம்பும்போது
எழும்பிவிடுவான்.
வலது தோளைத் தாழ்த்துவது பொய்.

முதல் நாள் என் தோளை நம்பி
நைனார் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்தான்.
நாலாம் நாள் பதினெட்டு பாயிண்ட் போட்டேன்.
இரண்டு வருஷத்தில் நான் நானாகப் போட்டதெல்லாம்
கூட்டினாலும் வராத கணக்கு.
"ஒச்சப்பனைப் பிடிங்கடா!" என்று சார் கத்தினார்.
மெஸ்ஸிலும் சாம்பார் வாளியை
ஒச்சப்பன் பக்கம் தள்ளு என்றார்கள்.

எட்டாம் நாள் பிடித்துவிட்டார்கள்.
மச்சக்காளை தோளைப் பார்க்கவில்லை,
இடுப்பைப் பார்த்தபடியே நின்றான்.
மூன்று தடவை பந்தைப் பிடுங்கினான்.
எல்லாரும் கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், கொஞ்சம் தாமதமாக.

ஆக, என் கணிப்பு.
முதல் பாதியில் ஆறேழு பாயிண்ட் பின்னால் இருப்போம்.
ரிங்கில் பட்டுத் திரும்புவதெல்லாம்
அவர்கள் உயரத்துக்கே போகும்.
இரண்டாம் பாதியில் மேற்கு ரிங் அவர்களுக்கு.
நாகமலைக்கு மேலே ஒரு முழத்தில் சூரியன் நிற்கும்,
போர்டைப் பார்க்கிற கண் கூசும்.
ஐந்தே முக்காலுக்கு மலை அதை விழுங்கிவிடும்.
அதற்குள் முந்தியாக வேண்டும்.
பிறகு இருப்பது
துளசிராமின் மூச்சு,
நைனார் சொல்லாத வலி,
இரண்டில் ஒன்று.
நாலு பாயிண்டில் ஜெயிப்போம், எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டாதது இன்னொன்று இருக்கிறது.
அந்த வீடியோவின் கடைசி நிமிஷத்தில்
இரண்டு பேர் நடுவில் மாட்டிய ஒச்சப்பன்
பந்தை முதுகுக்குப் பின்னால் கடத்தி
வலப்பக்கம் வழுக்கிப் போகிறான்.
ஒரே ஒரு முறை.
அதை மட்டும் நான் ஆடிக் காட்டவில்லை.
எனக்கு வரவில்லை, அதுதான் காரணம்,
நேற்று ராத்திரி வரைக்கும்.

நேற்று பத்து மணிக்கு,
சைக்கிள் ஷெட் விளக்கு மட்டும் எரிய,
ஆளில்லாத தரையில் அது வந்துவிட்டது.
மறுபடி செய்தேன். வந்தது.
யாரும் கை தட்டவில்லை,
யாரும் பிடுங்கவுமில்லை.

காலை ஆறரைக்குக் கடைசிப் பயிற்சி.
சொல்லிவிடலாம், நேரம் இருக்கிறது.
கட்டிலில் உட்கார்ந்து பனியனை மடிக்கிறேன்,
பதினைந்து உள்ளே போகும்படி.
கை தானாகக் குனிந்து
செருப்பின் அடியைத் துடைத்து வருகிறது.