கையெழுத்து பொருந்தவில்லை

என் பெயர் தி-யில் தொடங்கி தி-யில் முடியும்.
முதல் தி-யின் வாலைக் கீழே இழுத்து
பெயர் முழுக்க அடிக்கோடாக ஓட்டி
கடைசி தி-யில் கொண்டுபோய்ச் சொருகுவேன்.
பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்காக
ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்தது.
நானாகச் செய்த பொருள்
அதுவரை வேறொன்றும் என்னிடம் இருந்ததில்லை.

அதைத்தான் அவன்
தேதி கிழித்த தாள்களின் பின்பக்கம்
எழுதிப் பழகியிருக்கிறான்.
சிலிண்டருக்குப் பின்னால் கட்டாகக் கிடைத்தன.
ஆடியில் கோணல்.
புரட்டாசியில் தேறிவிட்டான்.
ஐப்பசித் தாளைப் பார்த்து
நான் எப்போது போட்டேன் என்று
ஒரு நிமிடம் யோசித்தேன்.

நாலு லட்சத்து இருபதாயிரம்.
அடைத்து முடிக்க மூன்று வருஷம்.
அவன் போன பிறகும்
அவன் போட்ட என் பெயருக்கு
நான் தவணை கட்டினேன்.

அப்புறம் அந்த வால் எனக்கு வரவில்லை.
ஒருநாள் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டேன்,
ஒருநாள் வெறும் தி, ஒரு புள்ளி.
மஞ்சக்குப்பம் வங்கியில்
காசோலை மூன்றாம் முறை திரும்பியது:
கையெழுத்து பொருந்தவில்லை.
ரேகை வைக்கிறேன் என்றேன்.
எம்.காம். படிச்சுட்டா என்று
கவுண்டரில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.
அவரிடம் எதைச் சொல்ல?
யாருடன் பொருந்தவில்லை என்று
எனக்கே தெரியாதபோது.

முதுநகரில் மாடி வீடு.
பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன்.
மீன்காரி தரும் சில்லறையை மூன்று தடவை எண்ணுவேன்.
அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்,
எண்ணி முடிக்கட்டும் என்று.
ராத்திரி சிப்காட் பக்கமிருந்து காற்று அடித்தால்
ஜன்னலைச் சாத்துவேன்.
காற்று திரும்பி உப்பனாற்று வாடை வந்த பிறகும்
திறக்க மாட்டேன்.

கீழ் வீட்டு மெஹருன்னிசா
ஈத் அன்று பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாள்.
வாசலிலேயே வாங்கிக்கொண்டேன்.
மறு ஈதுக்கும்.

கார்த்திகை மழையில் ராத்திரி இரண்டு மணிக்கு
அவள்தான் கதவைத் தட்டினாள்.
பேச முடியவில்லை. வயிற்றைப் பிடித்திருந்தாள்.
ஆட்டோ கெடிலம் பாலத்தில் ஏறும்போது
என் முழங்கையில் அவள் நகம் பதிந்தது.
ஆற்றில் தண்ணீர் வருகிறதா என்று
எட்டிப் பார்த்தேன், எதையாவது பார்க்க வேண்டுமே.

பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் தாளை நீட்டினார்.
உடனே ஆபரேஷன். கூட யாரு வந்திருக்கீங்க?
மகன் ஷார்ஜாவில், போன் எடுக்கவில்லை.
மெஹருன்னிசா உதட்டைக் கடித்தபடி
விரலை என் பக்கம் நீட்டினாள்.
'அவங்க போடுவாங்க.'

என்னைக் கேட்கவில்லை.
இரண்டு வருஷமாக என் வாசற்படிக்கு வெளியே
நிற்க வைத்தவளை
அவள் எதைக் கொண்டு நம்பினாள்?
கேட்க நேரமில்லை.
உறவு என்ற கட்டத்தில்
மாடி வீடு என்று எழுதினேன்.
நர்ஸ் படித்துவிட்டு, சரி, கீழே கையெழுத்து என்றார்.

டியூப் லைட் விட்டு விட்டு எரிந்தது.
கண்ணாடி வீட்டிலேயே கிடந்தது.
கை மழையில் நனைந்து விறைத்திருந்தது.
தி போட்டேன். நிறுத்தத்தான் நினைத்தேன்.
வால் இறங்கி ஓடியது
ல, க, வ எல்லாவற்றுக்கும் அடியில்
இருட்டில் வீட்டுக்கு வழி தெரிந்த நாய் மாதிரி,
கடைசி தி-யில் போய்ப் படுத்துக்கொண்டது.

பார்க்காமலே போட்டிருக்கிறேன்.
அவனுக்கு ஒவ்வொரு தடவையும்
பார்த்துத்தான் போட வேண்டியிருந்திருக்கும்.

உள்ளே கொண்டுபோகும் முன்
சாவிக்கொத்தை என் மடியில் போட்டாள்.
கோழி அடைச்சிருக்கு, காலைல திறந்து விட்டுருங்க.

பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினேன். ஏழு சாவி.
பழக்கம் போகுமா, மறுபடி எண்ணினேன்.
ஏழுதான்.
மூன்றாவது முறை, நாலு வரை வந்திருப்பேன்,
டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து
மெஹருன்னிசாவோட வந்தவங்க யாரு என்றார்.

நான்தான் என்றேன்.