அப் லைன்

கடல்மட்டத்துக்கு ஆயிரத்து நூறு அடி மேலே
ஒரு மரப்பெட்டி.
உள்ளே தெல்மா பிர்க்பெக்,
இருபத்து மூன்று நெம்புகோல்கள்,
அடி கருகிய ஒரு கெட்டில்.

தெற்கே போகும் வண்டிக்கு இங்கே அப் என்று பெயர்.
தண்டவாளமோ சரிந்து இறங்குகிறது,
நூறு அடிக்கு ஓரடி.
லண்டன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மேல்.
மலையை யாரும் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த வாரம்
"அப் வருது" என்றது தொலைபேசி.
ஏறி வரும் விளக்குக்காகப்
பள்ளத்தையே பார்த்து நின்றாள்.
முதுகுக்குப் பின்னால் வந்து
தடதடவென்று இறங்கிப் போனது அது.
அன்றோடு அந்தச் சொல்லை
நம்புவதை விட்டுவிட்டாள்.

எழுந்தால் அப்.
தூக்கம் வராமல் கிடந்தாலும் அப்.
கடையைத் திறந்தால் அப், பூட்டினாலும் அதே.
கிழிப்பதற்கும் கிழிந்ததை ஒட்டுவதற்கும்
வாயைத் திற என்பதற்கும் பொத்து என்பதற்கும்
பின்னால் ஆடுவது ஒரே வால்.
தட்டு கழுவ ஒன்று வேண்டும்.
மெதுவாகப் போ என்று சொல்ல
அப்பும் ஆகும், டவுனும் ஆகும்.
பாதர்கில் பண்ணையில் தீப்பிடித்த இரவு
வைக்கோல் கொட்டகை எரிந்தது டவுன்,
உள்ளேயிருந்த கணக்கு நோட்டுகள் எரிந்தது அப்.
ஒரே தீ.
சாம்பலைத் தனித்தனியாக யாரும் அள்ளவில்லை.

இதை எழுதும் எனக்குச் சிரிக்க உரிமையில்லை.
என் மொழியில் மேல் என்றால் மேற்கு,
மலை அந்தப் பக்கம் நிற்பதால்.
அந்த அளவுக்கு நியாயம்.
ஆனால் காய்ச்சலில் மேல் வலிக்கிறதே, அது எந்தத் திசை?
அவன்மேல் கோபம், அவன்மேலேயே ஆசை.
இரண்டையும் எங்கே ஏற்றி வைத்திருக்கிறோம்?
இனிமேல் என்கிறோம்,
நாளைக்கு ஏணி போட்டதுபோல.

வில்ஃப் எழுதிவைத்துப் போன சீட்டில் ஒரே வரி:
நம் கதை அப், தெல்மா.
முடிந்துவிட்டது என்று அர்த்தம்.
ரொட்டி டப்பாவின் மேல் வைத்திருந்தான்.
அவள் அதை இரண்டுமுறை படித்தாள்,
பணிக்கு நேரமாகிவிட்டது.

ஆறு ஐம்பத்திரண்டு அப்பில் அவன் இருந்தான்.
வடக்குப் பெட்டியிலிருந்து ஒரு மணி: கவனி.
பிறகு நான்கு: விரைவு வண்டி, வரலாமா?
வரலாம் என்று நான்கு அடித்தாள்.
வேறு என்ன அடிப்பாள்,
மனைவிகளுக்கென்று அந்தப் புத்தகத்தில் மணிக்கணக்கு கிடையாது.
நெம்புகோலை இழுத்தாள்.
கைகாட்டி எழுந்தது.
அன்று நிஜமாகவே மேலே போனது
அது ஒன்றுதான்.

மூன்று குளிர்காலம் கழித்து
ஒரு பிப்ரவரி மாலை
டவுன் வண்டியில், அதாவது மலையேறி, வந்தான்.
முன்னறிவிப்பில்லாமல் வந்து நிற்பதற்கும் அப்தான் என்று
அவளுக்குத் தோன்றியது. எரிச்சலாக இருந்தது.
தாடி வைத்திருந்தான். பெட்டி சிறியது.
படிக்கட்டின் கீழே நின்று அண்ணாந்தான்.
மூன்றாம் படியில் பலகை:
அனுமதியின்றி ஏறக்கூடாது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று
அந்த ஊர் வழக்கப்படி அவள் கேட்டாள், அதிலும் அது இருந்தது.
"ஒன்றுமில்லை" என்றான்.
"மேலே வரவா, போகவா?
முடிவு உன் கையில்."
அதிலும்.

ஒரு மணி அடித்தது.
அவள் உள்ளே திரும்பினாள்.
நான்கு. நான்கு திருப்பிக் கொடுத்தாள்.
ஜன்னல் வழியே பார்த்தால்
அவன் முதல் படியில் உட்கார்ந்து
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தான்.
அவனை இறக்கிவிட்ட வண்டி
பிளாட்பாரத்தைத் தாண்டியும்
சக்கரம் வழுக்கி வழுக்கி,
பெயர் டவுன்,
ஏறப் பார்த்தது.

கெட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று
அவள் தூக்கிப் பார்த்தாள்.